சிதாரைத் தேர்ந்தெடுத்தால் பாஞ்சோ ஒலிப்பது ஏன்? கீபோர்டைக் கணினியுடன் இணைப்போர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: இசை மென்பொருளில் 105 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டு சிதார் ஒலிக்காகக் காத்திருப்பவருக்கு, கீபோர்டிலிருந்து பாஞ்சோவின் ஒலி கேட்கிறது. வேறொருவருக்குத் திரையில் ஸ்வரங்கள் பதிவாகின்றன. ஆனால் ஏற்றுமதி செய்த பாடலில் ஓசையே இல்லை. வீட்டில் இருந்தபடியே பாடல் பதிவு செய்வோர் அடிக்கடி சந்திக்கும் சிக்கல்கள் இவை. கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைக் கடைக்குத் தூக்கிச் செல்வோரும் உண்டு. பெரும்பாலான நேரங்களில் கருவியில் குறை எதுவும் இருப்பதில்லை. இணைப்பிலோ எண்ணிலோதான் பிழை இருக்கிறது.

ஒலி அல்ல, கட்டளை

மின்னணு இசைக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழியே மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடைபெற்ற 'நாம்' இசைக்கருவிக் கண்காட்சியில், இருவேறு நிறுவனங்களின் சின்தசைசர்கள் முதன்முறையாக இதன் மூலம் இணைத்துக் காட்டப்பட்டன. இந்த முறையை உருவாக்குவதில் முன்னின்ற அமெரிக்காவின் டேவ் ஸ்மித்துக்கும் ஜப்பானின் இகுடாரோ ககேஹாஷிக்கும் 2013-ஆம் ஆண்டு தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி கேபிள் வழியாக ஒலி செல்வதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன், எப்போது விடப்பட்டது என்ற கட்டளைகள் மட்டுமே செல்கின்றன. ஸ்வரம் எழுதிய தாளைப் போன்றது இது. அதே தாளைப் பார்த்து வீணையும் வாசிக்கலாம், புல்லாங்குழலும் வாசிக்கலாம். ஏற்றுமதி செய்த பாடல் ஊமையாக இருப்பதன் காரணமும் இதுவே.

இரண்டு இணைப்புகள்

ஆகவே, வெளிக்கருவியின் ஒலி வேண்டுமானால் பொதுவாக இரண்டு இணைப்புகள் தேவை. ஒன்று, யுஎஸ்பி அல்லது 5 முனை மிடி கேபிள். 5 முனை கேபிள் என்றால், கீபோர்டின் 'அவுட்' துளை இன்டர்ஃபேஸின் 'இன்' துளையுடனும், இன்டர்ஃபேஸின் 'அவுட்' கீபோர்டின் 'இன்' துளையுடனும் சேர வேண்டும். மற்றொன்று, கீபோர்டின் ஒலியை ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொண்டுவரும் ஆடியோ கேபிள். சில புதிய கருவிகள் ஒரே யுஎஸ்பி கேபிளில் இரண்டையும் அனுப்பிவிடுகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் அந்த வசதி இல்லை.

இணைத்தபின் ஒரே கட்டைக்கு இரண்டு ஒலிகள் எழுந்தால், 'லோக்கல் கன்ட்ரோல்' என்ற அமைப்பை அணைக்க வேண்டும். கீபோர்டு தானாக ஒருமுறையும், மென்பொருள் திருப்பி அனுப்பும் கட்டளையால் மறுமுறையும் ஒலிப்பதே அதற்குக் காரணம். மேடைக்குச் செல்லும் முன் இதை மறவாமல் மீண்டும் இயக்கிவிட வேண்டும். இல்லையெனில் கட்டைகளை அழுத்தினாலும் கீபோர்டு மௌனமாகவே இருக்கும்.

எண்ணில் வரும் ஒன்றின் வித்தியாசம்

ஒரு மிடி இணைப்பில் 16 சேனல்கள் உள்ளன. மென்பொருளின் டிராக்கும் கீபோர்டும் ஒரே சேனலில் இருந்தால்தான் கட்டளை சென்றடையும். பொதுத் தரத்தில் 10-ஆவது சேனல் தாளக் கருவிகளுக்கு உரியது. மெலடியை அதில் வைத்தால் ஸ்வரங்களுக்குப் பதிலாக டிரம் ஒலிகளே கேட்கும்.

1991-இல் வெளியான 'ஜெனரல் மிடி' என்ற அந்தப் பொதுத் தரம் 128 ஒலிகளை வரிசைப்படுத்தியது. அதில் சிதார் 105, பாஞ்சோ 106. ஆனால் கேபிளில் செல்லும் எண்கள் 0 முதல் 127 வரையிலானவை; அங்கே சிதாரின் எண் 104. சில மென்பொருள்கள் 0-இலிருந்து எண்ணுகின்றன, சில 1-இலிருந்து எண்ணுகின்றன. 0-இலிருந்து எண்ணும் மென்பொருளில் 105 என்று கொடுத்தால் பாஞ்சோதான் வரும். ஒன்றைக் குறைத்தால் சிக்கல் தீர்ந்தது.

அந்த 128 ஒலிகளில் ஜப்பானின் ஷாமிசென், கோட்டோ, ஷாகுஹாச்சி ஆகியவை உண்டு. இந்தியாவிலிருந்து இடம்பெற்றவை சிதாரும் 112-ஆவது இடத்தில் உள்ள ஷெனாயும் மட்டுமே. வீணை இல்லை, நாகஸ்வரம் இல்லை. தாள ஒலிகளின் பட்டியலில் தபலாவும் இல்லை. இந்தியச் சந்தைக்கென வரும் யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 போன்ற கீபோர்டுகளில் இந்திய ஒலிகள் தனியாகச் சேர்க்கப்படுகின்றன. பொதுப் பட்டியலுக்கு வெளியே உள்ள இத்தகைய ஒலிகளை ப்ரோகிராம் எண்ணால் மட்டும் அழைத்துவிட முடியாது. அவை இருக்கும் 'பேங்க்' எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

பேங்க் எண் இரண்டு பகுதிகளாக, 0 மற்றும் 32 என்ற கன்ட்ரோலர்கள் வழியாகச் செல்கிறது. இரண்டையும் அனுப்பியபின், இறுதியாக ப்ரோகிராம் எண் செல்ல வேண்டும். வரிசை மாறினால் பழைய பேங்க்கில் உள்ள ஒலியே வரும். எந்த ஒலிக்கு எந்த எண்கள் என்பது கருவியுடன் வரும் கையேட்டிலோ, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும் 'டேட்டா லிஸ்ட்' ஆவணத்திலோ இருக்கும். பலரும் திறந்தே பார்க்காத ஆவணம் அது.

ஒவ்வொரு முறையும் எண்களைத் தேட விரும்பாதோருக்கு மென்பொருள்களிலேயே வழி உண்டு. ரீப்பர் மென்பொருளில் 'ரீபேங்க்' கோப்பை ஏற்றினால், எண்களுக்குப் பதில் ஒலிகளின் பெயர்களே பட்டியலாகத் தெரியும். கேக்வாக்கில் இதற்கென 'இன்ஸ்ட்ருமென்ட் டெஃபினிஷன்' கோப்புகள் உள்ளன. ஏபிள்டன் லைவ், லாஜிக் ப்ரோ ஆகியவற்றில் உள்ள 'எக்ஸ்டர்னல் இன்ஸ்ட்ருமென்ட்' வசதி, மிடி கட்டளை செல்லும் வழியையும் ஒலி திரும்பி வரும் வழியையும் ஒரே டிராக்கில் இணைத்துவிடுகிறது.

ஒலி மாற்றக் கட்டளையை முதல் ஸ்வரத்துக்குச் சற்று முன்னதாகவே வைப்பது நல்லது. இரண்டும் ஒரே கணத்தில் இருந்தால் முதல் ஸ்வரம் பழைய ஒலியிலேயே வந்துவிடக்கூடும்.

பதிவு முடிந்ததும் மிடி கோப்பை மட்டும் சேமித்துவிட்டு எழுந்துவிடுவது ஆபத்தானது. கீபோர்டு விற்கப்பட்ட பிறகோ பழுதான பிறகோ அந்தக் கோப்பைத் திறந்தால் ஸ்வரங்கள் அப்படியே இருக்கும், ஒலி இருக்காது. வேறு கருவியில் இணைத்தால், அதே எண்ணில் அங்கு எந்த ஒலி இருக்கிறதோ அதுவே வரும். எனவே கருவி கையில் இருக்கும்போதே அதன் ஒலியை ஆடியோ டிராக்காகவும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளிக்கருவியின் ஒலியை விரைவு முறையில் ஏற்றுமதி செய்ய இயலாது என்பதால், 5 நிமிடப் பாடலுக்கு 5 நிமிடமும் காத்திருக்க வேண்டியிருக்கும்.