முடி பிடுங்கும் உந்துதல்: ஏன்? எப்படி மீள்வது?

தலைமுடி, புருவம், இமைமுடி ஆகியவற்றைத் தன்னையறியாமலோ அடக்க முடியாத உந்துதலாலோ திரும்பத் திரும்பப் பிடுங்கும் மனநலக் கோளாறுக்கு, 1889-இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அலோப்போ ‘டிரைக்கோட்டிலோமேனியா’ எனப் பெயரிட்டார். சலிப்போ பதற்றமோ மேலிடும்போது விரல்கள் சொரசொரப்பான ஒரு முடியைத் தடவித் தேடி இழுக்க, அப்போது கிடைக்கும் தற்காலிக ஆறுதல், அச்செயலையே மீண்டும் நாடுமாறு மூளையைப் பழக்கிவிடுகிறது.

இந்தச் சுழற்சியை அறிவதிலிருந்தே மீட்சி தொடங்குகிறது. 1973-இல் அஸ்ரின், நன் ஆகிய உளவியலாளர்கள் வகுத்த ‘பழக்க மாற்றுப் பயிற்சி’, கை தலையை நோக்கி உயரும் கணத்தைக் கவனித்து, உந்துதல் தணியும்வரை விரல்களை இறுக மூடிக்கொள்ளக் கற்பிக்கிறது. படிக்கும்போது தலையில் துணி கட்டுவதும் விரல்நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டுவதும் இதற்குத் துணைபுரியும். பிடுங்கிய முடியை விழுங்குவோருக்கு அது வயிற்றில் உருண்டையாகத் திரண்டு அறுவைச் சிகிச்சை வரை கொண்டுசெல்லலாம் என்பதால், அவர்கள் தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழ்வோர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022-இல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். பிள்ளையின் தலையில் சொட்டையைக் கண்டு பெற்றோர் அதட்டினால் வெட்கமும் பதற்றமும் கூடி, பிடுங்குதலும் கூடும். ஆகவே கண்டிப்பை விடுத்து, பயிற்சியில் பிள்ளைக்குத் துணையிருப்பதே குடும்பத்தின் முதற்கடமையாகும்.