திரையும் தெருவும்

தொலைக்காட்சிப் பெட்டி மனிதனை நாற்காலியோடு பிணித்துவிடும் என்பது அதன்மேற் சுமத்தப்படும் பழைய குற்றம். பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, இக்குற்றச்சாட்டு முற்றும் பொருந்துமென எனக்குத் தோன்றவில்லை. அங்கே திரையின் கதை தெருவின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

1953 ஒக்டோபர் 23இல் மணிலாப் பகுதியில் முதல் ஒளிபரப்பு நிகழ்ந்தது. அன்று காட்டப்பட்டது ஒரு தோட்ட விருந்து. விருந்தளித்தவர் நிலையத்தின் உரிமையாளர் அந்தோனியோ கிரினோ. அந்நாள் ஜனாதிபதி எல்பிடியோ கிரினோவின் சகோதரர். அதிகாரமும் திரையும் பிறப்பிலேயே உறவு பூண்டவை எனலாம்.

1972 செப்டெம்பர் 23இல் நிலையங்கள் மூடப்பட்டன. பகலில் இருண்டு கிடந்த திரையில், மாலையிலே ஜனாதிபதி மார்க்கோஸ் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். பேசுபவர் ஒருவர், கேட்போர் கோடி என்ற நிலை உருவாயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1986 பெப்ரவரியில், வானொலியின் அழைப்பைக் கேட்ட மக்கள் எட்சா பெருவீதியில் இலட்சக்கணக்கிற் கூடினர். அம்மாதம் 25இல் மார்க்கோஸ் மீண்டும் பதவியேற்கும் வைபவம் திரையில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒளிபரப்பு அறுந்தது; கிளர்ச்சிப் படையினர் ஒளிபரப்புக் கோபுரத்தைக் கைப்பற்றிவிட்டனர். அன்றிரவே அவர் மாளிகையை விட்டு வெளியேறினார்.

2000 டிசெம்பரில், முன்னாள் திரைப்பட நடிகரான ஜனாதிபதி எஸ்திராடா மீதான விசாரணை செனற் சபையிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயிற்று. வங்கிச் சான்றுகள் அடங்கிய உறையொன்றைத் திறக்க வேண்டாமென 11 பேரும், திறக்க வேண்டுமென 10 பேரும் 2001 ஜனவரி 16இல் வாக்களித்தனர். அதனைத் தத்தம் வீட்டிலிருந்து கண்டவர்கள் அன்றிரவே எட்சாவில் திரளத் தொடங்கினர். நான்காம் நாள் எஸ்திராடா பதவியிழந்தார்.

இவ்வளவில் நிறுத்தினால் தொலைக்காட்சிக்குப் பரணி பாடியதாகிவிடும். 2006 பெப்ரவரி 4இல், பரிசு வழங்கும் நிகழ்ச்சியொன்றைக் காண பாசிக் நகர விளையாட்டரங்கின் வாயிலிலே ஏழை மக்கள் திரண்டு நின்றனர். நெரிசலில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைத் தெருவுக்கு அழைத்ததும் திரையே. நீதிக்காக நிற்க வைத்த கருவி, நற்பேற்றுக்காகவும் நிற்க வைத்தது.

ஆகவே, திரை நல்லதா தீயதா என்னும் பட்டிமன்றத்தால் பயனில்லை. அதன்முன் அமர்ந்திருப்போர் எதற்காக ஏங்குகிறார்கள், அந்த ஏக்கத்துக்கு யார் விலை பேசுகிறார்கள் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. வறுமை நீங்காத நாட்டிலே பெட்டியை மட்டும் திருத்த முனைவது, நோயை விட்டுக் கண்ணாடியைத் துடைப்பதாகும்.