அட்டெண்டன்ஸைக் காப்பாத்த ஓர் ஆப்!

'சொந்தமா ஒரு ஆப் பண்ணணும் மச்சி!' கேன்டீனில் இந்த டயலாக்கை விடாத ஆள் உண்டா? 'வாட்ஸ்அப் மாதிரி ஒண்ணு' என்று ஆரம்பித்து, டீ ஆறுவதற்குள் ஐடியாவும் ஆறிப்போகும். அவ்வளவு பெருசெல்லாம் வேணாம். உங்க வயித்தைக் கலக்குற விஷயத்தில் இருந்தே ஆரம்பிங்க. அதான்... செமஸ்டர் முடியும்போது நோட்டீஸ் போர்டில் தொங்குமே, அந்த அட்டெண்டன்ஸ் லிஸ்ட்!

பல கல்லூரிகளில் 75 சதவிகிதம் இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். நடந்த 60 வகுப்பில் நீங்க போனது 42, அதாவது 70 சதவிகிதம். இன்னும் எத்தனை வகுப்புக்கு லீவே போடாமல் போனால் தப்பிக்கலாம்? நடந்த வகுப்பை 3-ஆல் பெருக்குங்க, 180. போன வகுப்பை 4-ஆல் பெருக்குங்க, 168. கழித்தால் 12. ஆமாம், 12 வகுப்பு! (72-க்கு 54. நீங்களே சரிபார்த்துக்கோங்க.) விடை மைனஸில் வந்தால் ஜாலி. அதை 3-ஆல் வகுத்தால், எத்தனை வகுப்புக்கு கட் அடிக்கலாம்னு தெரிஞ்சிடும். 60-க்கு 48 போனவருக்கு நாலு. இந்த வசதியை மட்டும் ஹெச்.ஓ.டி.யிடம் காட்டாதீங்க!

இந்தக் கணக்குதான் உங்க முதல் ஆப். ஜாவா தெரியலையேன்னு கலங்க வேண்டாம். 'ஆப் இன்வென்டர்' என்று ஒரு இலவசக் கருவி இருக்கு. 2010-ல் கூகுள் அறிமுகப்படுத்தியது, இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. வசம். பிரவுசரிலேயே ஓடும். ரெண்டு டெக்ஸ்ட் பாக்ஸ், ஒரு பட்டன், விடை காட்ட ஒரு லேபிள்... இழுத்துப் போடுங்க. பட்டனை அமுக்கினால் என்ன நடக்கணும் என்பதை, கலர் கலர் பிளாக்குகளாகக் கோர்க்கணும். அவ்வளவுதான் புரோகிராம்! கம்பேனியன் ஆப்பை போனில் போட்டு க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால், நீங்க செய்தது உங்க கையிலேயே ஓடும்.

உடனே பார்ட்டி கேட்காதீங்க. போனை பக்கத்து பெஞ்ச் வாலுகிட்ட கொடுங்க. நடந்தது 40, போனது 50-னு அடிப்பான். கட்டத்தைக் காலியா விட்டுட்டு பட்டனை அமுக்குவான். அப்போ உங்க ஆப் திருதிருன்னு முழிக்கும். 'ஒழுங்கா நம்பர் போடுப்பா'ன்னு அதைச் சொல்ல வைக்கிறதுதான் நிஜமான வேலை. கணக்கை விட இதுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

ருசி கண்டபிறகு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, காட்லின் என்று தாவலாம். அதற்கு 8 ஜி.பி. ராமாவது உள்ள கம்ப்யூட்டர் வேணும்.

பிளே ஸ்டோரில் போடணுமா? கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர். ஆப்பிளில் வருஷா வருஷம் 99 டாலர் என்பதால், இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர்களுக்கு ஒரு கண்டிஷனும் உண்டு. குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள் உங்க ஆப்பின் சோதனையில் இருக்கணும். நடுவில் யாராவது கழன்றுகொள்ளலாம், அதனால் 15 பேரையாவது பிடிச்சு வைங்க. அட்டெண்டன்ஸ் லிஸ்ட்டில் 75-க்குக் கீழே இருக்கிறவங்களா பார்த்துக் கேளுங்க, ஒருத்தரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க!