நாய்க்குக் கழிச்சலா? மாத்திரைக்கு அவசரப்படாதீர்கள்

போடிமெட்டில் ஏலத்தோட்டக் காவலுக்கு வளர்க்கும் நாய்க்குக் கழிச்சல் கண்டால், போடிக்கு இறங்கும் ஜீப்காரரிடமே சொல்லிவிடுகிறோம்: “நாய்க்கு வயித்தால போகுதுண்ணே, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டு வாங்க.” மெட்ரோநிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வருகிறது. பாதியாக ஒடித்து, சோற்று உருண்டைக்குள் வைத்து ஊட்டிவிடுகிறோம்.

கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. நாய், பூனையின் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில, பித்த அமிலத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. கெட்ட கிருமிகளைத் தலைதூக்க விடாமல் அடக்குவது அந்த அமிலம்தான். மெட்ரோநிடசோல் இந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழித்துவிடும். நோயற்ற நாய்களுக்கு இரண்டு வாரம் இம்மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தபோது, நிறுத்தி நான்கு வாரமாகியும் சிலவற்றின் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வளர்ந்த நாயின் சாதாரணக் கழிச்சல், நிறையத் தண்ணீரும், குழைந்த சோற்றோடு மசாலா இல்லாமல் அவித்த தோல் நீக்கிய கோழியும் கொடுத்தாலே பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். தடுப்பூசி போடாத குட்டிக்கு ரத்தமாகப் போனால் மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோகத் துளியும் தாமதிக்காதீர்கள். அது பார்வோ வைரஸாக இருக்கலாம். நாமாக மாத்திரை கொடுக்கும் இதே பழக்கத்தில், பூனைக்கு எக்காரணம் கொண்டும் பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டாம். ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும்.

நாயோடு விளையாடும் குழந்தைகளையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, கடைகளில் விற்ற நாய்க்குட்டிகள் வழியாக 118 பேரைக் கேம்பிலோபாக்டர் என்ற குடல் கிருமி தொற்றியது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிருமி அது. நோயே இல்லாத குட்டிகளுக்கும் முன்கூட்டியே அம்மருந்துகளைக் கொடுத்து வந்தது விசாரணையில் தெரிந்தது. நாயின் கழிவை அள்ளியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பச்சை இறைச்சி போடாதீர்கள்.

மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளுக்கு விரோதம். மெட்டைத் தாண்டினால் வரும் கேரளத்தில், இதைப் பிடிக்கவே 2024-ல் ‘ஆபரேஷன் அம்ரித்’ சோதனை தொடங்கியது. நம் பக்கத்திலும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். கடையில் பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. விலங்குகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். நோயுற்ற நாயைத் தெருவில் சாக விடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி வளர்ப்பவர் செய்யும் குற்றமாகும்.

தேனி மாவட்டத்திலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது, அன்றைய மலத்தில் சிறிதளவை மூடிய டப்பாவில் கொண்டு போங்கள். முன்பே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அதன் அட்டையையும் மறைக்காமல் காட்டுங்கள்.