மூட்டுகளின் கடன்

ஆதமின் மக்கள் ஒவ்வொருவரும் 360 மூட்டுகளுடன் படைக்கப்பட்டுள்ளனர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. கதிரவன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் மூட்டுகள் ஒவ்வொன்றின் மீதும் ஒரு தருமம் கடமையாகின்றது என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வேறொரு நபிமொழி வந்துள்ளது. அந்தத் தருமங்கள் யாவை? ஒருவரை அவருடைய வாகனத்தில் ஏற்றிவிடுதல், அவர் சுமையைத் தூக்கிக் கொடுத்தல், பாதையில் தொல்லை தருவதை அகற்றுதல், தொழுகைக்கென எடுத்து வைக்கும் ஒவ்வொரு காலடி. நற்சொல்லும், இருவரிடையே நீதி செலுத்துவதும் நீங்கலாக, ஏனையவை யாவும் கையும் காலும் அசைந்தாலன்றி நிறைவேறாதவை. மூட்டு தன் கடனை அசைந்தே தீர்க்கின்றது!

மூட்டின் அமைப்பும் இதற்கிசைந்தே இருக்கக் காண்கின்றோம். எலும்பும் எலும்பும் கூடுமிடத்தில் அவற்றின் முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கின்றது. அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. அப்படியாயின் அதற்கு உணவு எங்கிருந்து வருகின்றது? மூட்டைச் சூழ்ந்த உறைக்குள் முட்டையின் வெண்கரு போன்ற வழுவழுப்பான நீர் ஊறி நிற்கின்றது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தித் தன்னுள் உள்ள நீரை வெளிவிடுகின்றது. ஊன்றலை எடுத்ததும் பஞ்சைப்போல் மீண்டும் உறிஞ்சிக் கொள்கின்றது. இந்த அழுந்தலும் விடுதலுமே அதற்கு உணவூட்டும் வழி. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. “முழங்கால் வலியோடு ஏன் நடக்கிறீர்கள் வாப்பா, பேசாமல் உட்காருங்கள்” என்று அன்பினால் தடுக்கும் பிள்ளைகள் இதனை அறிந்து கொள்வது நலம்.

இவ்வுண்மையை நம் முன்னோரான ஹகீம்கள் தம் வழியில் உணர்ந்திருந்தனர். கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில், உடல்நலம் பேணுவதற்கான வழிகளுள் உடற்பயிற்சியை முதலிலும், உணவையும் உறக்கத்தையும் அதன் பின்னரும் வைக்கின்றார். தேய்த்துவிடுதலை அவர் ‘தல்க்’ என்று குறிப்பிட்டு, அதனை வகைப்படுத்தும் நேர்த்தி படித்து மகிழத்தக்கது. அழுத்தமான தேய்ப்பு உடலை இறுக்கும், மென்மையானது தளர்த்தும், அளவு மீறி நீண்டது மெலியச் செய்யும், நடுத்தரமானது தசையை வளர்க்கும். பயிற்சிக்கு முன் தேய்ப்பது உடலை ஆயத்தம் செய்ய. பின் எண்ணெயிட்டு இதமாகத் தேய்ப்பது களைப்பைப் போக்க. யூனானி மருத்துவத்தில் தல்க்கும் ‘ரியாளத்’ எனும் பயிற்சியும் இன்றும் சிகிச்சை முறைகளாகவே விளங்குகின்றன. பயிற்சியை விட்டுத் தேய்ப்பை மட்டும் நாடுவோர்தாம் நம்மிடையே மிகுதி. படுத்துக்கொண்டு பிறரை நீவச் சொல்வது எளிதல்லவா!

தோள் இறுகிப்போகும் நோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் வருகின்றது. நீரிழிவு உள்ளவர்களை அதிகம் பற்றுகின்றது. தக்பீர் கட்டக் கை உயராது. பெண்களுக்குத் தலை வார முடியாது. வலிக்கு அஞ்சிக் கையை மடக்கியே வைத்திருந்தால் இறுக்கம் பெருகும். முன்குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவதும், சுவரில் விரல்களை நடத்திச் சிறிது சிறிதாக மேலேற்றுவதும் பயிற்சி மருத்துவர்கள் கற்பிக்கும் எளிய முறைகள். குணமாக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம், பொறுமை வேண்டும்.

தொழுகையையே ஓர் உடற்பயிற்சியென்று விளம்பரம் செய்வோருடன் எமக்கு உடன்பாடில்லை. அது வணக்கம், உடல் பெறும் நன்மை அதனோடு வருவது. நடப்பதற்கு முழங்கால் சுமார் 60 பாகை மடிந்தால் போதும். நாற்காலியிலிருந்து எழ ஏறத்தாழ 90 பாகை வேண்டும். அத்தஹிய்யாத்து இருப்பிலோ அது முழுமைக்கு அருகே மடிகின்றது. தேய்ந்த முழங்கால் இதற்கு மறுப்பது இயல்பே. மூல நோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழுமாறு நபிகளார் (ஸல்) பணித்தது ‘புகாரி’யில் உள்ளது. ஆகவே நாற்காலியில் அமர்பவரை ஏளனமாக நோக்குவது பெருந்தவறு. நிற்க முடிந்தவர் எந்நிலைகளில் அமரலாம் என்பதில் மத்ஹபுகளிடையே விவர வேறுபாடுகள் உள்ளன; தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. ஆனால் நாற்காலிக்கு மாறியவர் மருத்துவர் அனுமதித்த நடையையும் சேர்த்துக் கைவிட்டுவிடலாகாது.

நீவிவிடுவதிலும் எச்சரிக்கை தேவை. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி, சூடேறி வலித்தால் அதனைத் தேய்க்கவே கூடாது; உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அடிபட்டு உருமாறிய கையைச் ‘சுளுக்கு’ என்று கருதி இழுத்துவிடுவதும் அத்தகையதே. எலும்புக்குக் கட்டுப் போட்ட பின் விரல்கள் குளிர்ந்து, நீலம் பாய்ந்து, மரத்துப்போனால் கட்டு இறுகிவிட்டதென்று பொருள். விடியும்வரை காத்திராமல் அக்கட்டைத் தளர்த்தி, அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.