குக்கருக்கு ஓர் அண்ணன்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் காலை வேளையில் நின்று பாருங்கள். மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, படியில் தடவித் தடவி இறங்கும் பாட்டிமார் கண்ணில் படுவார்கள். "கண்ணாஸ்பத்திரிக்கு எந்த பஸ், தம்பி?" என்பார்கள். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குத்தான் வழி கேட்கிறார்கள்.

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒரு பாட்டிக்குக் கண்புரை எடுத்து முடிவதற்குள் அடுத்த மேஜையில் இன்னொரு பாட்டி தயார்!

"இந்த வேகத்தில் சுத்தம் எப்படி?" என்கிறீர்களா? நியாயமான பயம்தான். ஒருவர் கண்ணில் பட்ட கருவி சரியாகச் சுத்தமாகாமல் மற்றவர் கண்ணைத் தொட்டால், பார்வை தேடி வந்தவர் இருந்த பார்வையையும் இழக்க நேரலாம்.

முதல் வேலை கழுவுவது. பற்றுப் பாத்திரம் காய்ந்துவிட்டால் தேய்க்க என்ன பாடு! கருவியில் ரத்தம் காய்ந்து ஒட்டினாலும் அதே கதைதான். அதன் அடியில் ஆவி புகாது. அலம்புவதிலும் ஜாக்கிரதை வேண்டும். மெல்லிய குழாய்க்குள் துளி சோப்பு தங்கினால், கிருமியே இல்லாவிட்டாலும் கண் வீங்கிச் சிவந்துவிடும்.

பிறகு ஆவி. வெறும் வெந்நீர் போதாதா? போதாது. சில கிருமிகள் விதைபோல் ஓடு கட்டிக்கொண்டு, 100 டிகிரி கொதிநீரிலும் பிழைத்துக் கிடக்கும். அவற்றை ஒழிக்கத்தான் 1879-ல் பிரான்சில் சார்லஸ் சாம்பர்லான் 'ஆட்டோகிளேவ்' கருவியைச் செய்தார். நம் வீட்டுக் குக்கருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அழுத்தத்தில் ஆவியின் சூடு 121 டிகிரிக்கு ஏறும். அதில் 15 முதல் 20 நிமிஷம். 134 டிகிரியானால் மூன்று, நான்கு நிமிஷமே போதும்.

சோறு வெந்ததா என்று நாம் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதில்லையா? இதற்கும் பதம் உண்டு. உள்ளே வைக்கும் பட்டை நிறம் மாற வேண்டும். அவ்வப்போது, சூட்டுக்கு லேசில் அசையாத கிருமி வித்துக்களையும் சேர்த்து வைத்து, பிறகு அவற்றை வளர்த்துப் பார்ப்பார்கள். ஒன்றும் முளைக்காவிட்டால்தான் 'பாஸ்'.

பலன்? அரவிந்தில் நடந்த 42,426 கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2009-ல் ஓர் அறிக்கை வந்தது. கண்ணுக்குள் கிருமி தாக்கியவர்கள் 38 பேர்தான். ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை! டாக்டர்களின் கைத்திறனோடு, கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம் பெண்களின் பொறுமைக்கும் இதில் பங்குண்டு.

சகோதரிகளே, அடுத்த முறை ஊசி போடும்போது, புது உறையைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பல் பிடுங்கும் இடத்தில், "ஆட்டோகிளேவ் செய்ததுதானே, டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார். தினமும் சோற்றுக்குப் பதம் பார்க்கிற நமக்கு இதைக் கேட்க உரிமை இல்லையா, என்ன?