கோலாலம்பூர் – சென்னை: பயண நேரமும் பயணியின் உரிமையும்

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். நேரடி விமானம் இதைச் சுமார் 4 மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால் பயணச்சீட்டைப் பார்த்தால் கணக்கு வேறாகத் தெரியும். புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படியே குறிக்கப்படுகின்றன. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் சென்னையில் 11.30க்கு இறங்குவதாகச் சீட்டில் இருக்கும். சென்னையில் இரவு 11 மணிக்கு ஏறினால், கோலாலம்பூரில் இறங்கும்போது மறுநாள் காலை 5.30 ஆகிவிடும்.

தேதியிலும் கவனம் தேவை. 15ஆம் தேதி நள்ளிரவு 12.30க்கு விமானம் என்றால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து கணக்கிட்டால் பயணம் இன்னும் நீளும். கோலாலம்பூர் விமான நிலையம் இருப்பது சிப்பாங்கில். கிள்ளானிலிருந்து வருபவர் கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள கே.எல். சென்ட்ரலுக்கு வரவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து விரைவு ரயில் முதல் முனையத்துக்கு 28 நிமிடத்திலும், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடத்திலும் செல்லும். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்றுவிடுவது நல்லது.

இடையில் விமானம் மாறிச் செல்வதானால், இரு விமானங்களுக்குத் தனித்தனியே சீட்டு வாங்குவதில் ஆபத்து அதிகம். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே முன்பதிவில் இரண்டையும் எடுப்பதே பாதுகாப்பு.

தாமதத்துக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு, தொலைபேசி, இணைய வசதி தரப்பட வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி, தங்க வேண்டிய நிலை வந்தால் விடுதியும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பயணத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். செலுத்திய வழியிலேயே 30 நாளுக்குள் பணம் வந்து சேர வேண்டும்.

பயணப்பெட்டி சேதமடைந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்துவழி புகார் செய்ய வேண்டும். மலேசியாவும் இந்தியாவும் ஏற்ற 1999 மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின் விதி இது. பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பதிவு செய்து, அதன் நகலைப் பெற வேண்டும்.

புகாரை முதலில் விமான நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லையெனில் மலேசிய பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தை நாடலாம். 2025 ஆகஸ்ட் முதல் பயனீட்டாளர் புகார்களும் அதன் பொறுப்பில் வந்துள்ளன. போர்டிங் பாஸ், பெட்டிச் சீட்டு, செலவு ரசீது ஆகியவற்றை புகார் தீரும்வரை பத்திரப்படுத்துங்கள். சான்று கையில் இருந்தால்தான் உரிமை பலன் தரும்.